அரசருக்குப் பக்கத்தில் நின்றவரிடம் அரசரின் கமிஷன் இல்லை: பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஒரு திறந்த மடல்

லார்ட் சேம்பர்லின் அலுவலகத்துப் பெரியவர்களுக்கு,

வணக்கம். சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே பக்கிங்ஹாம் என்று சொன்னால் யாருக்கும் உங்கள் அரண்மனை ஞாபகம் வராது, கால்வாய்தான் ஞாபகம் வரும், கூடவே மூக்கைப் பொத்திக்கொள்ளவும் தோன்றும். தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை என்பதும் தெரியும். யாராவது மொழிபெயர்த்துக் கொடுத்தால் படியுங்கள். கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இதில் பாதி எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

பட்டமளிப்பு விழா (அரசர் விருதும் பட்டமும் சூட்டுகிற விழா), அரசு விருந்து, தோட்ட விருந்து என்று எல்லாவற்றிலும் யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குப் பின்னால் வர வேண்டும் என்று தீர்மானிக்கிற அலுவலகம் உங்களுடையது. அதனால்தான் இந்தக் கடிதம் உங்கள் பெயருக்கு வருகிறது. பட்டமளிப்பு விழாவில் அரசர் நடன மண்டபத்துக்குள் நுழையும்போது இரண்டு கூர்க்கா அதிகாரிகள் உடன் வருகிறார்கள். இது 1876-ல் விக்டோரியா மகாராணி தொடங்கிவைத்த மரபு என்று அரண்மனைத் தரப்பில் காலம்காலமாகச் சொல்லி வருகிறீர்கள். ஒரே ஒரு வரி. கேட்பவர்கள் "அட, அந்தக் காலத்திலேயே இந்திய வீரர்களுக்கு எவ்வளவு மரியாதை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வரியை நான் கொஞ்சம் நீட்டிப் பார்த்தேன், உள்ளே நிறைய இருக்கிறது, அதில் முக்கால்வாசியை நீங்கள் சொல்வதே இல்லை.

முதலில் அந்த 1876. விக்டோரியாவுக்கு இந்தியாவின் பேரரசி என்ற பட்டத்தைச் சேர்க்கும் சட்டம் உங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு அது. புதுப் பட்டம் வந்தால் அதற்கேற்ற அலங்காரமும் வேண்டும், சிம்மாசனத்தின் பக்கத்தில் தலைப்பாகையும் வாளுமாக இரண்டு பேர் நின்றால் பேரரசு என்பது கண்ணுக்குத் தெரியும், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அதே ஆண்டுக்குப் பெயர் தாது வருஷம். தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னால் இன்றைக்கும் கிராமத்துக் கிழவிகள் உச்சுக் கொட்டுவார்கள். சென்னை மாகாணத்தில் மழை பொய்த்து, இருந்த தானியமும் ரயிலேறிப் போய், தென்னிந்தியாவில் பல லட்சம் பேர் செத்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நடுவில்தான் 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, பேரரசிப் பட்டத்தை ஊரறிய அறிவித்தார். நான் சொன்ன கால்வாய் இருக்கிறதே, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, அது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் என்பதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் மரபு தொடங்கிய ஆண்டைப் பெருமையாகச் சொல்லும்போது இதுவும் எங்களுக்கு ஞாபகம் வருகிறது, அவ்வளவுதான்.

சரி, விக்டோரியா காலத்தில் இது கொஞ்சம் முறையில்லாமல்தான் நடந்தது. அதை ஒழுங்கான ஏற்பாடாக மாற்றியவர் அவருடைய மகன் ஏழாம் எட்வர்ட், 1903-ல். அதற்கு முந்தைய ஆண்டு, 1902-ல், அவருடைய முடிசூட்டு விழாவுக்காக இந்தியாவிலிருந்து ஒரு படைப்பிரிவே வந்து ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் கூடாரம் அடித்துத் தங்கியிருந்தது. அரசருக்கு வயிற்றில் கட்டி வந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்ததால் ஜூன் 26-ல் நடக்க வேண்டிய விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. இந்திய விருந்தினர்களை உபசரித்த செலவையும் இந்தியாவின் கணக்கிலேயே எழுதப் பார்த்தார்கள், கர்சன் பிரபு சண்டைபோட்டுத் தடுத்தார் (கர்சனைப் பாராட்டி எழுதுவேன் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை). ஏனென்றால் முன்னுதாரணம் அப்படி. 1867-ல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் நடந்த நடன விருந்தின் பில்லையே எங்கள் தலையில் கட்டியவர்கள்தானே நீங்கள்.

எட்வர்டின் ஏற்பாடு இப்படி: ஒவ்வோர் ஆண்டும் இந்திய ராணுவத்திலிருந்து ஒரு சில மூத்த இந்திய அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து லண்டனுக்கு வரவழைப்பது. கோடைக்கால 'சீசன்' முழுக்க அவர்கள் அரசரின் ஆர்டர்லி அதிகாரிகளாக, அதாவது உடன் நிற்கும் அதிகாரிகளாக, இருப்பார்கள். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் ஆண்களுக்கான 'லெவி' என்ற வரவேற்பு, பக்கிங்ஹாமில் சீமான் வீட்டுப் பெண்களை அறிமுகப்படுத்தும் கோர்ட், அணிவகுப்புகள், எல்லாவற்றிலும் அரசருக்குப் பக்கத்திலோ பின்னாலோ நிற்பார்கள். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். தலையில் வெள்ளை இறகு குத்திக்கொண்டு, தரையில் புரளும் பட்டு வாலைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பதினெட்டு வயதுப் பெண்கள் வரிசையாக வந்து முழங்கால் மடித்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். பின்னால் ஒரு ரிசல்தார் நிற்கிறார். குல்லா மேல் சுற்றிய லுங்கித் தலைப்பாகை, முழங்கால் வரை தொங்கும் குர்தா, இடுப்பில் கமர்பந்து, மார்பில் எல்லைப் போர்களில் வாங்கிய பதக்கங்கள். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும், இருபது இருபத்தைந்து வருஷம் குதிரை மேலேயே கழித்தவர். மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். நின்றார்கள்.

இந்த ரிசல்தார், சுபேதார், ஜமேதார் என்ற பதவிகள் என்ன என்பதை உங்கள் ஆட்கள் மறந்திருக்கலாம், எங்கள் ஆட்களிலும் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்திய ராணுவத்தில் அப்போது இரண்டு வகை அதிகாரிகள். ஒரு வகை, அரசரின் கமிஷன், அதாவது அரசர் கையெழுத்திட்ட அதிகாரி நியமனப் பத்திரம், பெற்றவர்கள். அவர்கள் வெள்ளைக்காரர்கள். இன்னொரு வகை, சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறி வந்து வைஸ்ராயின் கமிஷன் வாங்கிய இந்தியர்கள், மேலே சொன்ன பதவிகள் இவர்களுடையவை. அந்தக் காகிதத்தில் கையெழுத்து அரசருடையது கிடையாது, வைஸ்ராயுடையது. ஒரு சுபேதார் மேஜருக்கு முப்பது வருஷ சர்வீஸ் இருக்கலாம், அவர் மூன்று போர் பார்த்திருக்கலாம், ஆனால் நேற்று சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இருந்து மீசை முளைக்காமல் வந்து இறங்கிய செகண்ட் லெப்டினன்ட் அவருக்கு மேலே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் மேல் அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. அவருக்கு அவர்கள் சல்யூட் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'அரசரின் இந்திய ஆர்டர்லி அதிகாரி' என்று பட்டம். நிற்பது அரசருக்கு இரண்டு அடி தள்ளி. ஆனால் அரசரின் கமிஷன் இல்லை. அரண்மனை வாசலில் காவல் நிற்கும் ஆங்கிலச் சிப்பாய்க்குக்கூட "இப்படிப் போ" என்று அவரால் உத்தரவு போட முடியாது. நான் உங்களிடம் சொல்ல வந்ததே இதுதான். உங்கள் ஒற்றை வரியில் இல்லாமல் போனதும் இதுதான்.

தர்பார்களில் ஒரு சடங்கு உண்டு. இந்திய அதிகாரி தன் வாளின் பிடியை முன்னால் நீட்டுவார், அரசரோ வைஸ்ராயோ விரலால் அதைத் தொட்டுவிட்டு விட்டுவிடுவார். என் வாள் உங்களுடையது என்று இவர் சொல்கிறார், ஏற்றுக்கொண்டேன், நீயே வைத்துக்கொள் என்று அவர் சொல்கிறார். நல்ல சடங்குதான், குறை சொல்லவில்லை. ஆனால் வாளைத் தொட்ட அதே கை அவருடைய கமிஷனில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எவ்வளவோ பேருடைய வாழ்க்கை மாறியிருக்கும்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். வைஸ்ராய் போன பிறகும் அந்த நடு அடுக்கு போகவில்லை, ஜேசிஓ (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்) என்று பெயர் மாறி இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அப்படியே இருக்கிறது. சித்தப்பாவின் தோளில் இரண்டு நட்சத்திரம். ஊரில் கல்யாண வீட்டில் எல்லாரும் அவரை லெப்டினன்ட் என்றே நினைப்பார்கள், ஏனென்றால் லெப்டினன்டுக்கும் இரண்டு நட்சத்திரம்தான். நட்சத்திரத்துக்குக் கீழே ஓடுகிற சிவப்பு மஞ்சள் ரிப்பன் பட்டையைப் படையில் இருந்தவர்கள் மட்டும்தான் கவனிப்பார்கள். சித்தப்பா திருத்த மாட்டார், சிரித்துக்கொள்வார். "என் பையன் வயசு ஆபீசர்கூட என்னை 'சாப்'னுதான்டா கூப்பிடுவான், ஆனா கையெழுத்து அவன்தான் போடணும்" என்று ஒருமுறை சொன்னார். கசப்பே இல்லாமல் சொன்னார், அதுதான் என்னை யோசிக்க வைத்தது.

அப்புறம் அந்தத் தலைப்பாகை. உங்கள் பழைய படங்களில் எல்லாம் கண்ணைப் பறிப்பது அதுதானே. அதற்கும் எங்கள் ஊரில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1806-ல் சென்னைப் படையின் தலைமைத் தளபதி ஜான் கிராடக், சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தொப்பியைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் விடிவதற்குள் எழுந்து என்ன செய்தார்கள், ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து பதிலுக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் எங்கள் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்துச் சிப்பாயை ஐரோப்பியன் மாதிரி இறுக்கமான கோட்டில் திணித்தீர்கள். 1857-க்குப் பிறகு உங்கள் ரசனை தலைகீழாக மாறியது. இந்தியன் இந்தியனாகவே தெரிய வேண்டும் என்று தலைப்பாகையும் குர்தாவும் திரும்பி வந்தன, ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் ஒவ்வொரு விதமாகக் கட்டு, ஒவ்வொரு நிறம். நூறு வருஷத்துக்குள் அதே தலைப்பாகை சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய அழகுப் பொருள் ஆகிவிட்டது. தலை மட்டும் அப்போதும் எங்களுடையது, அதில் எதை வைப்பது என்ற முடிவு இரண்டு தடவையும் உங்களுடையது.

யாரைப் பொறுக்கி எடுத்தீர்கள் என்பதும் ஒரு கதை. 1880-களில் சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியன் போருக்கு லாயக்கில்லாதவன் என்று முடிவு கட்டியவர், அப்புறம் இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அந்த முடிவைக் கொள்கையாகவே நடத்தினார். பஞ்சாபி முஸ்லிம், சீக்கியர், டோக்ரா, பட்டாணியர், கூர்க்கா இவர்களெல்லாம் 'வீர இனம்', மற்றவர்கள் சும்மா. கிளைவ் காலத்திலிருந்து உங்களுக்காக ஆற்காட்டிலும் மைசூரிலும் பர்மாவிலும் செத்த சென்னைப் படை ரெஜிமெண்ட் ரெஜிமெண்டாகச் சுருங்கியது. 1903-ல் அரசருக்கு ஆர்டர்லி அதிகாரிகள் வேண்டும் என்று கேட்டபோது இந்திய ராணுவத்தின் முகமே வடமேற்குப் பக்கம் திரும்பியிருந்தது. தாக்குப்பிடித்தவர்கள் பெங்களூரில் இருந்த மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர்தான், படையில் அவர்களைத் 'தம்பி' என்று கூப்பிடுவார்கள். லாயக்கில்லாத அந்த இனத்தில் பிறந்த ஒருவர், காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து தன் கூட வந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்தது. ராபர்ட்ஸ் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 1914 நவம்பரில் பிரான்சில் இந்தியப் படையைப் பார்க்கப் போன இடத்தில் சளிக்காய்ச்சல் வந்து இறந்துபோனார்.

முதல் உலகப்போர் வந்ததும் உங்கள் கோடைக்கால ஏற்பாடு நின்றது. சடங்குக்கு வந்துகொண்டிருந்த படை நிஜத்துக்கு வந்தது. 1914 செப்டம்பரில் மார்செய் துறைமுகத்தில் இறங்கி, அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்பர் அகழிகளில், குளிருக்கு ஏற்ற உடைகூடச் சரியாக இல்லாமல். விக்டோரியா கிராஸ் பதக்கம் இந்தியர்களுக்கு உண்டு என்று நீங்கள் ஒப்புக்கொண்டதே 1911 டெல்லி தர்பாரில்தான். அக்டோபர் 31 அன்று ஹோலெபெக்கில் தன் துப்பாக்கிக் குழுவில் எல்லாரும் விழுந்த பிறகும் சுட்டுக்கொண்டே இருந்த சிப்பாய் குதாதத் கான் அதைப் பெற்றார். காயம்பட்டவர்களை பிரைட்டன் பெவிலியனில் படுக்க வைத்தீர்கள். அரசர் தன் சொந்த அரண்மனையையே எங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று சிப்பாய்கள் ஊருக்குக் கடிதம் எழுதினார்கள், அப்படி அவர்கள் நம்பும்படி நீங்களும் விட்டீர்கள். அந்தக் கட்டடத்தை விக்டோரியா 1850-லேயே பிரைட்டன் நகரத்துக்கு விற்றாகிவிட்டது. கவனிப்பு நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். சாதிக்கும் மதத்துக்கும் தனித்தனிச் சமையல், தனித்தனித் தண்ணீர்க் குழாய், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஆனால் 1915-ல் குதாதத் கானின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் செவிலியர் நிற்கும் படம் நாளிதழில் வந்ததும் உங்கள் போர் அலுவலகத்துக்குத் தூக்கம் போய்விட்டது, இந்தியர்களுக்கான மருத்துவமனைகளிலிருந்து ஆங்கிலச் செவிலியர்களை விலக்கச் சொன்னார்கள். கோர்ட் நாளில் இளம்பெண்கள் வணங்கும்போது பின்னால் ஒரு ரிசல்தார் நிற்கலாம், அது அலங்காரம். அதே ரிசல்தார் கால் போய்க் கட்டிலில் கிடக்கும்போது ஒரு பெண் பக்கத்தில் நிற்கக்கூடாது.

போர் முடிந்து 1919 ஜூலை 19 அன்று லண்டனில் வெற்றி அணிவகுப்பு. இந்தியப் பிரிவு வந்து சேரத் தாமதமானதால் அவர்களுக்குத் தனியாக ஆகஸ்ட் 2 அன்று நடந்தது, ஐந்தாம் ஜார்ஜ் அரண்மனைத் தோட்டத்தில் வரவேற்றார். ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். நடுவில் நான்கு மாதம்கூட இல்லை. அந்த அணிவகுப்பில் நடந்த பஞ்சாபி வீரர்கள் ஊரிலிருந்து வந்த கடிதங்களைப் படித்திருப்பார்களா, படித்துவிட்டு எந்த முகத்தோடு நடந்தார்கள் என்று அடிக்கடி யோசிப்பேன்.

போருக்குப் பிறகு ஆர்டர்லி அதிகாரிகள் மறுபடி வர ஆரம்பித்தார்கள், 1939 வரை கோடைதோறும் வந்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் அதே காலத்தில் நிஜமான கதவு இன்னொரு பக்கம் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. 1917-ல் ஒன்பது இந்தியர்களுக்கு அரசரின் கமிஷன். 1918-லிருந்து சாண்ட்ஹர்ஸ்டில் வருஷத்துக்குப் பத்து இடம். 1919-ல் இந்தூர் கேடட் கல்லூரியிலிருந்து வெளியே வந்த குடகுக்காரர் கரியப்பா. 1933-ல் உல்விச் ராணுவக் கல்லூரியிலிருந்து பீரங்கிப் படைக்குப் போன எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குமாரமங்கலம், பிற்காலத்தில் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானவர். அவர்களும் சுலபமாக உள்ளே வரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி இந்தியனுக்குக் கீழே வேலை பார்க்க நேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே 1923-ல் எட்டு யூனிட்டுகளை மட்டும் ஒதுக்கி, இந்திய அதிகாரிகளை அதற்குள்ளேயே அடைத்தீர்கள். ஆனாலும் அது கதவு. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் நிற்க வைத்ததால் ஒரு ரிசல்தாருக்குக்கூட அந்தக் கதவு திறக்கவில்லை. ஓய்வு பெறும்போது கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் என்று பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளக் கொடுத்தார்கள். பஞ்சாப் கால்வாய்க் குடியிருப்புகளில் நிலம் கொடுத்தார்கள், ஜங்கி இனாம் என்ற போர்ச் சேவை மானியம் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பழைய படங்கள் கைக்குக் கை மாறி வரும்போது கீழே இரண்டு வகையான பேச்சுதான் இருக்கும். ஒன்று, "பார், வெள்ளைக்காரனே நம்மவனை எப்படி மதித்தான்". இன்னொன்று, "அடிமைகள், வெட்கமில்லாமல் கைகட்டி நின்றவர்கள்". இரண்டாவதைச் சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் அதிகம். ஐந்து ஏக்கர் மானாவாரி நிலத்தில் பிறந்து பதினெட்டு வயதில் படையில் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் உயிரைப் பணயம் வைத்து ஏறி வந்தவருக்கு அந்தப் படையில் இருந்த உச்சப்படி அது. லண்டன் போய் வந்த ரிசல்தார் ஊருக்குத் திரும்பினால் மாவட்டத் துணை ஆணையரே எழுந்து நாற்காலி போடுவார். அவர் அதைப் பெருமையாக நினைத்ததில் என்ன தப்பு? தப்பு படியை அங்கேயே நிறுத்தியவனுடையது, ஏறியவருடையது கிடையாது.

எங்கள் வீட்டு அழுக்கையும் நானே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம். வைஸ்ராயின் மெய்க்காவல் படை இன்றைக்கு ஜனாதிபதியின் மெய்க்காவல் படை. 1773-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தொடங்கியது. ஈட்டியும் தலைப்பாகையும் உயரமான குதிரைகளும் உங்கள் காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. 1947-ல் பாகப்பிரிவினையில் வைஸ்ராயின் தங்கப் பூச்சு வண்டி யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்து நாங்கள் ஜெயித்தோம். இப்போதும் அந்தப் படைக்கு ராஜபுத்திரர், ஜாட், சீக்கியர் என்று மூன்று சமூகங்களிலிருந்துதான் ஆள் எடுக்கிறோம் என்று 2013-ல் ராணுவமே உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது, உயரமும் தோற்றமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னது. ராபர்ட்ஸ் எழுதிக் கொடுத்த மாதிரியே இருக்கிறது. சென்னை கவர்னருக்கும் இப்படி ஒரு மெய்க்காவல் படை இருந்தது, 1947-ல் கலைந்தது. அவர்கள் லைன் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், பாடிகாட் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. புது பைக், புது கார், புது லாரி வாங்கினால் அங்கே கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத்தான் ஓட்டுவார்கள். படை போனாலும் பாடிகாட் மட்டும் பெயரில் நின்றுவிட்டார், அவருக்கு மட்டும் யாருடைய கமிஷனும் தேவைப்படவில்லை.

திரும்ப உங்களிடம் வருகிறேன். 1948 ஜனவரி 1-ல் பத்து கூர்க்கா ரெஜிமெண்டுகளில் நான்கு உங்கள் பக்கம் வந்தன. 1954-ல் இரண்டாம் எலிசபெத், நின்றுபோன பழைய இந்திய ஏற்பாட்டை நினைவில் வைத்து, இரண்டு கூர்க்கா அதிகாரிகளைத் தன் ஆர்டர்லி அதிகாரிகளாக அமர்த்தினார். அவர்களுக்கும் 'குயின்ஸ் கூர்க்கா ஆபீசர்' என்று கூர்க்காக்களுக்கு மட்டுமான தனி கமிஷன், அதில் மகாராணியின் பெயர் வந்துவிட்டது, ஆனால் வரிசையில் இடம் பழையபடிதான். கூர்க்கா மேஜராக இருந்தாலும் சாண்ட்ஹர்ஸ்டில் இருந்து வந்த இளம் பிரிட்டிஷ் அதிகாரிக்குக் கீழேதான். அந்தத் தனி வகை ஒழிய 2000-கள் வரை ஆனது. பென்ஷன் இன்னும் தீரவில்லை. 1997 ஜூலை 1-க்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கு இந்திய ராணுவ விகிதத்தை ஒட்டிய பழைய கூர்க்கா பென்ஷன்தான், கூடவே நின்று சுட்ட பிரிட்டிஷ் வீரருக்குக் கிடைப்பதில் சிறு பங்கு. 2021 ஆகஸ்டில் உங்கள் பிரதமர் வசிக்கும் டவுனிங் தெருவுக்கு எதிரே முன்னாள் கூர்க்கா வீரர்கள் பதின்மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். பென்ஷன் கோப்பு உங்கள் மேசைக்கு வராது, பாதுகாப்பு அமைச்சகத்தைக் கேள் என்பீர்கள். தெரியும். ஆனால் அந்தத் தெருவிலிருந்து உங்கள் நடன மண்டபத்துக்கு நடந்தே வந்துவிடலாம், அதே தொப்பியும் அதே குக்ரிக் கத்தியும் அணிந்த இரண்டு பேர் அங்கே அரசருக்குப் பின்னால் வருகிறார்கள், அதையாவது மேசையில் போட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மன்னிப்பு கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, கோகினூரைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை பாருங்கள். 1903 முதல் 1914 வரையும், போருக்குப் பிறகு 1939 வரையும் உங்கள் அரசர்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒவ்வொருவருடைய பெயரும் உங்கள் ஏட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் அரண்மனைக்குள் பெயர் எழுதாமல் யாரையும் விடும் வழக்கம் உங்களுக்கு இல்லை. அந்தப் பட்டியலை ஆண்டுவாரியாக, ரெஜிமெண்ட், பதவி, மாவட்டத்தோடு, எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். அவர்களில் பலருடைய ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கும், ஜீலம், ராவல்பிண்டி, சக்வால் பக்கம். பேரன் பேத்திகள் அங்கேயும் இங்கேயும் தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒற்றை வரி மரபுக் குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: இவர்கள் வைஸ்ராயின் கமிஷன் பெற்றவர்கள், அரசரின் கமிஷன் அப்போது இவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

ஒரு வேண்டுகோள். பட்டியல் போடும்போது பதவியை இங்கிலீஷ்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்று கேப்டன், லெப்டினன்ட் என மாற்றிவிடாதீர்கள். ஜமேதார் என்றால் ஜமேதார் என்றே இருக்கட்டும், ரிசல்தார் மேஜர் என்றால் ரிசல்தார் மேஜர்.

இப்படிக்கு,
ஒரு சுபேதாரின் அண்ணன் மகன், சென்னை